புயல் ஈன்ற சுழற்காற்று

காற்றைக் கண்ணால் கண்டவர் இல்லை. அசையும் கிளையைக் காண்கிறோம். புரளும் அலையைக் காண்கிறோம். கொடியிலிருந்து பறந்து அடுத்த வீட்டு மாடியில் விழும் வேட்டியைக் காண்கிறோம். காற்றை மட்டும் காண்பதில்லை. ஆயினும் அக்காற்றே தனக்கென ஓர் உடலை எடுத்துக்கொண்டு, மேகத்துக்கும் மண்ணுக்கும் இடையே தூண் போல நின்று, கண்ணெதிரே நடந்து செல்லும் சமயம் ஒன்று உண்டு. அதனைச் சுழற்காற்று என்கிறோம். அமெரிக்கர் டொர்னாடோ என்பர். 2021-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, அத்தகைய சுழல் நம் கொல்கத்தா நகருக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் இறங்கிற்று. அதனைப் பலர் கைப்பேசியில் படம் பிடித்தனர். அப்படங்களைப் பற்றியும், புயலானது சுழற்காற்றை ஈனும் விந்தையைப் பற்றியும், அப்படங்கள் நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உணர்த்துவதைப் பற்றியும் இங்கே சில சொல்ல விரும்புகிறோம்.

அன்றைய நிலையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெருந்தொற்றின் இரண்டாம் அலை நாடெங்கும் பரவியிருந்தது. மே 6-ஆம் நாள் முதல் புறநகர் இரயில்கள் நின்றுவிட்டன. 16-ஆம் நாள் முதல் கடைகளும் அலுவலகங்களும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இந்த அடைப்புக்கு நடுவே, வங்கக் கடலில் 'யாஸ்' என்னும் புயல் உருவாகி வடமேற்கு நோக்கி வருகிறது என்ற செய்தி வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்னர்த்தான், 2020 மே 20-இல், 'ஆம்பன்' புயல் இந்நகரை உலுக்கி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. லேக் மார்க்கெட்டை அடுத்த எங்கள் குடியிருப்பில் அப்போது மூன்று நாள் மின்சாரம் இல்லை. மாடித் தொட்டியில் நீரும் இல்லை. பட்ட அனுபவம் பாடமாயிற்று. இம்முறை அண்டாக்களிலும் வாளிகளிலும் நீர் நிரப்பினோம். மெழுகுவத்தியும் அரிசியும் பருப்பும் வாங்கி வைத்தோம். தெற்குப் பக்கத்துச் சன்னல்களை இறுகச் சாத்திக் கயிறு கட்டினோம். கடல் தெற்கே இருக்கிறது. புயலும் தெற்கிலிருந்தே வரும். ஆகவே வீட்டிலிருந்த பெரியவர் முதல் பிள்ளைகள் வரை எல்லோர் கண்ணும் தென்திசை வானத்திலேயே இருந்தது.

வந்ததோ வேறிடத்தில். நகருக்கு வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ஹூக்ளியின் மேற்குக் கரையில் சின்சுரா என்னும் பழைய ஊர் இருக்கிறது. அதற்கு எதிர்க்கரைப் பக்கம், வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் ஹாலிசஹர் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை, புயலின் மையம் இன்னும் நடுக்கடலில், சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே, இவ்விரண்டு ஊர்களையும் சுழற்காற்று தாக்கிற்று. அது நீடித்தது மிகச் சிறிது நேரமே. ஏறத்தாழ எண்பது வீடுகள் சேதமுற்றன என்றும், மின்சாரம் தாக்கி ஹூக்ளி மாவட்டத்தில் இருவர் மாண்டனர் என்றும் மாநில முதலமைச்சர் அன்று அறிவித்தார். யாஸ் புயல் கரை கடந்ததோ மறுநாள் முற்பகலில், ஒடிசா மாநிலத்தில் தாம்ராவுக்கு வடக்கே, பாலசோருக்குத் தெற்கே. தாய் கடலில் இருக்க, பிள்ளை முந்திக்கொண்டு கரையேறி அட்டகாசம் செய்துவிட்டது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? அன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்ட முதற் கேள்வி இதுதான்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் பேச்சு வழக்கில் புயல், சூறாவளி, சுழற்காற்று மூன்றும் ஒன்றுக்கொன்று மாறி வழங்குகின்றன. செய்தித்தாள்களும் சில சமயம் டொர்னாடோவையும் சூறாவளி என்கின்றன. கடற்புயலையும் சூறாவளி என்கின்றன. இரண்டும் சுழல்பவைதாம், ஆனால் யானைக்கும் எறும்புக்கும் உள்ள வேறுபாடு அவற்றிடையே உண்டு. கடற்புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் உடையது, நாட்கணக்கில் வாழ்வது, வெப்பமான கடல்நீரிலிருந்து ஆற்றல் பெறுவது. வங்கக் கடலில் அதைச் சைக்ளோன் என்கிறோம். அட்லாண்டிக் கடலில் அதுவே ஹரிக்கேன். சுழற்காற்றோ பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு உட்பட்ட அகலமே உடையது. சில நிமிடங்களில் பிறந்து மடிவது. சைக்ளோன் என்னும் சொல்லே நம் கொல்கத்தாவில் வாழ்ந்த ஒருவர் படைத்தது என்பதை அறிந்தால் நேயர்கள் மகிழக்கூடும். ஹென்றி பிட்டிங்டன் என்பார், மாலுமிகளுக்காக எழுதி 1848-இல் வெளியிட்ட நூலில், பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அப்பெயரை அமைத்தார். இந்திய வானிலைத் துறையும் 1875-இல் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டே தொடங்கிற்று. காற்றைப் பற்றிச் சிந்திக்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு ஏது?

இனி, பிறப்பின் வரலாறு. புயல் கரையை நெருங்கும்போது அதன் வெளிப்புற மழைப் பட்டைகள் முன்னதாகவே நிலத்தின்மேல் படர்கின்றன. மேலே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று தடையின்றி விரைகிறது. கீழே மரமும் வீடும் மேடும் பள்ளமும் அதனைப் பிடித்து இழுக்கின்றன. ஆகவே தரையை ஒட்டிய காற்று மெதுவாகச் செல்கிறது. திசையும் சற்று மாறுகிறது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்து, மேற்கையை வேகமாகவும் கீழ்க்கையை மெதுவாகவும் நகர்த்திப் பாருங்கள், பென்சில் உருளும். அவ்வாறே இரு காற்றுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத உருளை ஒன்று படுத்த நிலையில் உருள்கிறது. அவ்வேளை, மழைப் பட்டையில் உள்ள ஓர் இடிமேகம் வெப்பமும் ஈரமும் உடைய காற்றை மேலே உறிஞ்சினால், படுத்திருந்த உருளை நிமிர்ந்து நிற்கிறது. அது மேல்நோக்கி நீளுந்தோறும் மெலிகிறது, மெலியுந்தோறும் விரைகிறது. நூலின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றி, அந்நூல் விரலில் சுற்றிக் குறுகக் குறுகக் கல் எத்துணை வேகம் கொள்கிறது என்பதைச் சிறுவயதில் கண்டிருக்கிறோம் அல்லவா? இயற்கையின் விதி ஒன்றே.

இந்நிகழ்ச்சிக்குப் புயலின் எல்லாப் பகுதியும் ஒரேபடியாக இடம் கொடுப்பதில்லை. புயல் செல்லும் திசையை நோக்கி நாம் நிற்பதாகக் கொண்டால், நமக்கு முன்னே வலக்கைப் பக்கமாக உள்ள பகுதியே பூமியின் வடபாதியில் சுழற்காற்றுக்கு உரிய தொட்டில். வடக்கும் வடமேற்குமாக நகர்ந்த யாஸ் புயலுக்கு ஹூக்ளிக் கரை ஏறத்தாழ அவ்விடத்தில் அமைந்தது. இன்னொன்றும் கருதத்தக்கது. இரு மழைப் பட்டைகளுக்கு இடையே வானம் சற்று வெளுத்து வெயில் முகம் காட்டினால், புயல் விலகிற்று என்று நாம் மகிழ்கிறோம். அவ்வெயில் தரையைச் சூடாக்கி அடுத்த பட்டையின் மேகங்களுக்கு உரமூட்டுவதும் உண்டு. நம் வங்கத்திற்குச் சுழற்காற்று புதிதன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் வீசும் 'கால்பைசாகி' இடிப்புயல்களோடு கொடிய சுழற்காற்றுகள் வந்ததுண்டு. 1989 ஏப்ரல் 26-இல் வங்காள தேசத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய சுழற்காற்றில் மாண்டவர் ஏறத்தாழ 1,300 பேர் என்பர். உலகில் மிகுதியான உயிர்களைக் கொண்ட சுழற்காற்று அதுவே எனப்படுகிறது. ஆனால் அது கோடை இடிமேகத்தின் பிள்ளை. கடற்புயலின் பிள்ளையோ பெரும்பாலும் அளவில் சிறியது, ஆயுள் குறைந்தது, முன்னறிவிப்பதற்கு மிகக் கடினமானது.

ஏன் கடினம்? புயலுக்குள் இருக்கும் இடிமேகங்கள் உயரத்தில் குறுகியவை. அவற்றின் சுழற்சியும் தரையை ஒட்டியே நிற்கிறது. ரேடாரின் கதிரோ தொலைவு செல்லச் செல்லப் பூமியின் வளைவினால் உயரே போய்விடுகிறது. கீழே நடப்பது அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பல சமயம் இடியும் இராது, ஆலங்கட்டியும் இராது. கனத்த மழை திரைபோல் தூணை மறைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் கான்சாஸ், ஓக்லஹோமா போன்ற சமவெளிகளில் சுழற்காற்றைப் பல கல் தொலைவிலிருந்து பார்த்துப் படம் பிடிப்பவர்கள் உண்டு. ஹரிக்கேனோடு வரும் சுழற்காற்றை அவ்வாறு பிடித்தல் அரிது. மழை, தாழ்ந்த மேகம், மரக்கூட்டம், விரைவு எல்லாம் குறுக்கே நிற்கின்றன. இரவில் வந்தால், மின்கம்பங்கள் முறியும்போது எழும் நீலப் பச்சை ஒளி ஒன்றே அது செல்லும் வழியைக் காட்டும். ஆகவே அதைப் பகலில், தெளிவாக, முழு உருவத்தோடு காட்டும் காணொளி ஒன்று கிடைத்தால் அறிஞர்கள் அதனைப் பொன்போல் போற்றுகிறார்கள்.

ஹரிக்கேன் எத்தனை பிள்ளைகளை ஈனும் என்று கேட்டால் விடை திகைப்பூட்டும். 1967 செப்டம்பரில் டெக்சாஸ் கரையைக் கடந்த 'பியூலா' நூற்றுக்கு மேற்பட்ட சுழற்காற்றுகளை ஈன்றது. 2004 செப்டம்பரில் அலபாமா கரையைக் கடந்த 'ஐவன்' மூன்று நாளில் 120 அளவில் ஈன்று, புளோரிடாவில் தொடங்கி வர்ஜீனியாவுக்கும் அப்பால் வரை சிதறிவிட்டுச் சென்றது. கடலோரத்தார் மட்டுமன்றி, கடலையே காணாத உள்நாட்டாரும் அதற்கு இரையாயினர்.

அண்மையில், 2024 அக்டோபர் 9-இல், 'மில்டன்' என்னும் ஹரிக்கேன் புளோரிடாவின் மேலைக் கரையில் சியெஸ்டா கீ அருகே இரவில் கரை கடந்தது. அம்மாநிலத்தின் கீழைக் கரையில் எங்கள் உறவினர் மகள் ஒருத்தி கணவரோடும் குழந்தைகளோடும் வாழ்கிறாள். அன்று காலை அவள் பேசியபோது, "பெரியம்மா, புயல் மேற்கே வருகிறது, நாங்கள் கிழக்கே இருக்கிறோம், கவலைப்படாதீர்கள்" என்றாள். புயலின் மையத்தை மட்டும் கருதினால் அவள் சொன்னது சரியே. ஆனால் அன்று பகலிலேயே, மையம் கடலில் இருக்கும்போதே, தென் புளோரிடா முழுவதும் சுழற்காற்றுகள் இறங்கத் தொடங்கின. ஒரே நாளில் 126 சுழற்காற்று எச்சரிக்கைகள் அம்மாநிலத்தில் விடுக்கப்பட்டன. நாற்பதுக்கு மேற்பட்ட சுழல்கள் உண்மையில் தரையைத் தொட்டன. சியெஸ்டா கீயிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கீழைக் கரையில் ஃபோர்ட் பியர்ஸ் நகரத்தை அடுத்த முதியோர் குடியிருப்பு ஒன்றில் ஆறு பேர் மாண்டனர். அங்கிருந்தவை இலேசான கட்டுமானம் உடைய வீடுகள். பெரும்புயல் கரை ஏறுமுன்பே, எதிர்க்கரையில் இத்துணை இழப்பு! அன்று மாலை உறவினர் மகளின் கைப்பேசி மீண்டும் மீண்டும் அலறியதாம். ஒவ்வொரு முறையும் அவள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, சன்னல் இல்லாத குளியலறையில் மெத்தையைத் தலைக்குமேல் பிடித்து உட்கார்ந்தாளாம். மறுநாள் அவள் எங்களுக்கு அனுப்பியது சுழற்காற்றின் படம் அன்று. குளியலறைத் தரையில் உறங்கும் இரண்டு குழந்தைகளின் படம். அதைவிட நல்ல படத்தை நாங்கள் இதுவரை பெற்றதில்லை.

படம் பிடித்தலின் பயனைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டா. சுழற்காற்றைப் பற்றி மனிதர் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதி படங்களின் கொடை. 1957 ஏப்ரல் 2-இல் டல்லாஸ் நகரில் ஒரு சுழற்காற்று வீசியபோது, பலர் அதைத் திரைப்படச் சுருளில் பிடித்தனர். அச்சுருளில் பறந்த பலகைத் துண்டுகளையும் தூசியையும் சட்டம் சட்டமாக அளந்து, காற்றின் வேகத்தை அறிஞர்கள் கணக்கிட்டனர். அதே ஆண்டு ஜூன் 20-இல் வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ நகரைச் சுழற்காற்று தாக்கிற்று. ஜப்பானில் பிறந்து 1953-இல் சிக்காகோவுக்கு வந்த டெட்சுயா புஜிதா என்னும் பேராசிரியர் அந்நகருக்குச் சென்று, பொதுமக்கள் எடுத்த நூற்றைம்பது அளவிலான நிழற்படங்களைத் திரட்டினார். ஒவ்வொரு படமும் எங்கிருந்து, எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என ஆராய்ந்து, அந்தச் சுழலின் பிறப்பும் வளர்ச்சியும் மறைவும் விளங்கும்படி வரைந்து காட்டினார். தம் கடைவாசலில் நின்ற வணிகரும், வீட்டு முற்றத்தில் நின்ற குடும்பத்தாரும் எடுத்த படங்களே அவ்வாராய்ச்சிக்கு அடிப்படை. 1971-இல் அவர் வகுத்த அளவுகோல், திருத்தம் பெற்று 2007 முதல் அமெரிக்காவில் வழங்குகிறது. காற்று உடைத்துப் போட்டவற்றைப் பார்த்து அதன் வலிமையைப் படிப்படியாக அளப்பதே அதன் முறை.

இத்தகைய பயன் இருந்தும், நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவர் எங்கள் இல்லத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் வங்க அம்மாள். பிள்ளைகள் அவரை 'மாஷி' என்று அழைப்பார்கள். அவர் குடியிருப்பது எங்கள் தெருவுக்குப் பின்னால். அவருடைய தம்பி ஹாலிசஹரில் சணல் ஆலைத் தொழிலாளி. செவ்வாய்க்கிழமை மாலை முதல் தம்பியின் கைப்பேசி ஒலிக்கவில்லை. நேரிற்சென்று பார்க்கலாம் என்றால் புறநகர் இரயில் இல்லை. வியாழக்கிழமை காலையில் மாஷி வந்து, "அந்தப் படம் உங்களிடம் இருக்கிறதாமே, காட்டுங்கள்" என்றார்.

காட்டினோம். நாங்கள் அதை அதற்குள் பத்து முறையாவது பார்த்திருப்போம். ஒவ்வொரு முறையும் எங்கள் கண் மேகத்திலிருந்து இறங்கும் அந்தச் சாம்பல் நிறத் துதிக்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மாஷி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது அதன் அடியை. அங்கே வட்டமிட்டுப் பறக்கும் புள்ளிகளை விரலால் தொட்டு, "இதைப் பெரிதாக்க முடியுமா?" என்று கேட்டார். பெரிதாக்கினோம். "இவற்றில் நீலத் தகடு ஏதும் இருக்கிறதா, பாருங்கள், என் கண் அவ்வளவு தெளிவில்லை" என்றார். ஆம்பன் புயலில் பழைய கூரை போனபின், தம்பி கடன் வாங்கிப் புதுத் தகரத் தகடு போட்டிருந்தானாம். நீலச் சாயம் அடிக்கத் தொடங்கி, பாதிக் கூரைக்குமேல் பணம் போதவில்லையாம். நாங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்தன. எது தகரம், எது கிளை, எது நீலம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை தம்பி பேசினான். மின்சாரம் போனதால் கைப்பேசி உயிரிழந்திருந்தது; ஆட்களுக்கு ஆபத்தில்லை. கூரையில் சாயம் அடித்த பாதி பறந்துவிட்டது. அடிக்காத பாதி நிற்கிறதாம். மாஷி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பின்பு நெடுநேரம் அழுதார். எங்கள் மாடிக் குடியிருப்பில் உள்ள நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தகட்டுக்கான பணத்தை அனுப்பி வைத்தோம். அதைப் பெருமையாகச் சொல்ல இங்கே எழுதவில்லை. அந்தப் படத்தை நாங்கள் பார்த்த முறையும் அவர் பார்த்த முறையும் வேறாக இருந்ததே, அதற்காக எழுதுகிறோம். எங்களுக்கு அது வியப்பு; அவருக்கு அது முகவரி. தொலைவில் இருப்பவனுக்குக் காட்சியாகத் தோன்றுவது, அருகில் இருப்பவனுக்குக் கூரையாகவும் கலமாகவும் நெல்லாகவும் தோன்றுகிறது.

இந்த உணர்வு நமக்குப் புதிதா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா' புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த அந்த வாரத்தை நம் சங்கத்துத் தஞ்சை, நாகை மாவட்டத்தார் மறக்க இயலுமா? ஊரோடு தொலைபேசித் தொடர்பு அற்றுப்போய், வீழ்ந்து கிடந்த தென்னந்தோப்புகளின் படங்களைத் தொலைக்காட்சியில் கண்டு, "இது நம் தோப்பா, அடுத்தவர் தோப்பா?" என்று தேடினோம் அல்லவா? அன்று நாம் மாஷியின் இடத்தில் இருந்தோம். ஊரைவிட்டு வந்து வாழும் எவனும் என்றேனும் ஒருநாள் அவ்விடத்தில் நிற்பான்.

ஆகவே, படத்தைப் பரப்புவதில் நமக்குப் பொறுப்பு உண்டு. யாஸ் புயலின்போதே கும்பகோணத்திலிருந்து எங்கள் அத்தை பதறிக்கொண்டு பேசினார். "கொல்கத்தாவைக் காற்று தூக்கிக்கொண்டு போகிறதே! பிள்ளைகள் எல்லோரும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" என்றார். யாரோ அவருக்கு அனுப்பிய காணொளியை வாங்கிப் பார்த்தோம். வானளாவிய கருந்தூண் ஒன்று வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தது. கீழே 'கொல்கத்தா, இன்று' என்று எழுதியிருந்தது. ஆனால் அதில் வண்டிகள் சாலையின் வலப்புறமாக ஓடின. நம் நாட்டில் ஏது அவ்வழக்கம்? என்றோ அமெரிக்காவில் எடுத்த படம் அது. அதைக் கண்ட இரவு அத்தை உறங்கவில்லை. இரத்த அழுத்த மருந்தையும் உட்கொள்ள மறந்தாராம். அதை அனுப்பியவருக்கு ஒரு நொடி வேலை. எண்பது வயது மூதாட்டிக்கு ஓர் இரவின் நரகம். பெற்றோரை ஊரில் விட்டு வந்திருக்கும் நாம் இதை எளிதாக எண்ணலாகாது.

இனி, படம் பிடிப்பவரின் உயிரைப் பற்றி. 2013 மே 31-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோ அருகே, நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற சுழற்காற்று ஒன்று எழுந்தது. கருவிகளைச் சுழலின் வழியில் வைத்து அளவெடுப்பதில் பல்லாண்டு தேர்ந்த டிம் சமாராஸ் என்னும் ஆய்வாளரும், அவருடைய மகனும், உடன் பணியாற்றிய ஒருவரும் அதில் சிக்கி மாண்டனர். அது புயல் ஈன்றதன்று, சமவெளிச் சுழல். வானம் திறந்த வெளியில், தேர்ந்தவர்க்கே அந்நிலை எனில், மழைத்திரைக்குள் மறைந்து வரும் புயற்சுழலை மொட்டை மாடியில் நின்று பிடிக்க முயலும் நம் இளைஞர் நிலை என்னாகும்? ஹூக்ளிக் காணொளிகள் சிலவற்றில், படம் பிடிப்பவரின் பின்னாலிருந்து, "உள்ளே வா, உள்ளே வா" என்று வங்க மொழியில் ஒரு பெண்குரல் கதறுவதாக எங்களுக்குத் தோன்றியது. அக்குரலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

நாங்கள் எங்கள் வீட்டில் வகுத்துக்கொண்ட ஒழுங்கை நேயர்கள் முன் வைக்கிறோம். தகும் எனில் கொள்க. புயல் அறிவிப்பு வந்தால், மையம் கரை கடக்கும் இடத்தை மட்டும் கேட்டு அமைதியடைவதில்லை. நம் ஊர் அதன் வலமுன் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். மேகத்திலிருந்து கூம்பு இறங்குவதைக் கண்டால், அல்லது மழையினூடே இடைவிடாத இரைச்சல் நெருங்கி வந்தால், உடனே கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத உள்ளறைக்குச் செல்வது. தகரக் கொட்டகையிலும் மரத்தடியிலும் நில்லாமை. காற்று நின்றபின் அறுந்த மின்கம்பியை நெருங்காமை. ஹூக்ளியில் அன்று மாண்ட இருவரையும் கொன்றது மின்சாரமே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பான தொலைவில், கட்டடத்துக்குள் இருந்தபடி படம் எடுக்க வாய்த்தால், அதைப் பயனுடையதாக எடுக்கலாம். கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து, அசையாமல் வைத்து, அருகிலுள்ள கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ ஏதேனும் ஒரு நிலையான பொருள் படத்தில் விழும்படி செய்க. நாள், நேரம், ஊர், நோக்கும் திசை இவற்றை வாயால் சொல்லிப் பதிவு செய்க. பாட்டும் பின்னிசையும் சேர்க்க வேண்டா. மூலப் படத்தை அழிக்க வேண்டா. காற்று ஓய்ந்தபின், மரங்கள் எத்திசையில் வீழ்ந்தன என்பதையும் எடுத்து வைக்கலாம். எல்லாம் ஒரே திசையில் கிடந்தால் அது நேர்க்காற்றின் வேலை எனக் கருதலாம். ஒன்றையொன்று நோக்கியும் குறுக்காகவும் கிடந்தால் அங்கே சுழல் நடந்திருக்கக்கூடும். இவ்வாறு எடுத்தவற்றை முதலில் வானிலை அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புக. புஜிதாவின் கையில் சேர்ந்த ஃபார்கோ நகரத்தார் படங்களைப் போல, நம் தெருவிலிருந்து செல்லும் ஒரு படமும் நாளை ஓர் எச்சரிக்கையைச் சற்று முன்னதாக ஒலிக்கச் செய்யலாம்.

உறவினர்க்கு அனுப்புவதாயின், முதலில் சொல்ல வேண்டியது ஒன்றே: "நாங்கள் நலம்." அதன்பின் படம். முடியுமானால், அந்தப் படத்தின் அடியில் யாருடைய கூரை பறக்கிறது என்பதையும் கேட்டறிந்து எழுதுங்கள். ஆண்டுதோறும் வங்கக் கடல் சித்திரை, வைகாசியிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் புயல்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த பருவம் வருமுன், நம் சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கட்டடத்தில் பாதுகாப்பான உள்ளறை எது என்று இன்றே பார்த்து வைப்பாராக. தகரக் கூரையின்கீழ் வாழும் ஒரு குடும்பமேனும் அவ்வறைக்கு வந்து தங்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியும் வைப்பாராக.